செய்யாததை முதலில் சொல்

பகல் இரண்டு மணிக்கு எங்கள் வார்டில் நடப்பதற்கு ஒப்படைப்பு என்று பெயர். காலையில் வேலை பார்த்த நர்ஸ்கள், மாலைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் சலுத் மேடம் மாலை ஷிப்டுக்குப் பொறுப்பாக வந்த நாளிலிருந்து அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிட்டது.

நர்ஸ்கள் மேசைக்குப் பின்னால் மேடம் உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள் எதிரே நிற்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலில் ஏன் நேரம் எழுதவில்லை, ஐந்தாம் கட்டில் விரிப்பு ஏன் கசங்கியிருக்கிறது, எக்ஸ்ரே ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே போவார். எக்ஸ்ரே அறைக்காரன் மதியம் சாப்பிடப் போனதற்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம். "மிச்சம் மீதி எனக்கு வேண்டாம்."

அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். ஏதாவது பாக்கி என்று வாய் திறந்தால் அதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. மலையடிவாரத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்னி வண்டியும் போய்விடும். ஆகவே வார்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே பதிலைப் பழகிவிட்டோம். எல்லாம் முடிந்தது மேடம். முடிக்காததை மனசுக்குள் வைத்துக்கொண்டு, மேடம் அந்தப் பக்கம் திரும்பியதும் ஓடிப்போய்ச் செய்துவிட்டு நழுவுவது எங்கள் திறமை. நாட்டில் வேறு எங்கும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. பத்தங்காஸ் கடற்கரையில் இருந்த எங்கள் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் நடந்தது.

ஆர்லினும் அதைத்தான் செய்தாள். அவள் ஒப்பந்த நர்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு நீட்டிக்கிற வேலை. சவுதிக்குப் போக மனுப் போட்டிருந்தாள். இங்கே பெயரில் ஒரு கறை விழுந்தால் இந்த வேலையும் போகும், அந்த வழியும் அடைபடும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் செல்சோ அண்ணனுக்கு அவள்தான் இன்சுலின் போட்டாள். செல்சோ அண்ணன் படகுக்காரர். காலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்தார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்தது, இரண்டு வாய் சாப்பிட்டார், அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. சோறு இல்லாமல் இன்சுலின் மட்டும் உடம்பில் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடுவார். டாக்டரிடம் ஆர்லின் உடனே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டு அவர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். சர்க்கரை பார்க்கிற பட்டை வார்டில் தீர்ந்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோன எதையும் நோயாளி வீட்டார்தான் வெளியே வாங்கி வர வேண்டும். அவருடைய மகள் மருந்துக் கடைக்குப் போனாள். அதற்குள் இரண்டு மணி அடித்துவிட்டது.

நானும் அந்த மேசைக்கு எதிரே ஆர்லின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பாக்கி எதுவும் உண்டா என்று சலுத் மேடம் கேட்டார். எதுவுமில்லை மேடம் என்றாள் ஆர்லின். அவள் கை சீருடைப் பாவாடையைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். பட்டை வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம் என்பது அவள் கணக்கு. நோயாளியின் சீட்டில்கூட எழுதவில்லை, எழுதினால் மேடம் கண்ணில் படும். ஆனால் மேடம் அவளை விடவில்லை. துணி அறை அலமாரி அலங்கோலமாக இருக்கிறதாம், அடுக்கிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மற்றதெல்லாம் நான் பிறகு கேட்டது.

செல்சோ அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. துணைக்கு இருந்த அவர் மனைவி பாசிங் அக்கா பதறவில்லை. எங்கள் ஊரில் கை வியர்த்து நடுங்கினால் அது பாஸ்மா. சூடான உடம்போடு தண்ணீரில் கை வைத்ததால் வருவது. பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். வாந்தி எடுத்தவருக்கு அக்காதான் பச்சைத் தண்ணீரில் முகமும் கையும் கழுவிவிட்டிருந்தார். ஆகவே நம் தப்புதான் என்று நினைத்து, தேங்காயெண்ணெய் எடுத்துக் கணவனின் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். நர்ஸைக் கூப்பிடவில்லை. பாஸ்மாவுக்கு யார் நர்ஸைக் கூப்பிடுவார்கள்.

மகள் பட்டையோடு வந்து, இதை யாரிடம் கொடுப்பது என்று மாலை நர்ஸிடம் கேட்டாள். எதற்கு இது, யாரும் கேட்கவில்லையே என்றாள் அவள். துணி அறைக்குள் ஆர்லின் காதில் அது விழுந்தது. விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். செல்சோ அண்ணன் அப்போது கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. குளுக்கோஸை நரம்பில் ஏற்றி அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது ஆர்லின்தான். அதை மட்டும் பிறகு யாரும் எங்கேயும் எழுதவில்லை.

மறுநாள் சலுத் மேடம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முந்தின நாள் காலை யாருடைய பிறந்தநாளுக்கோ வார்டுக்குள் பன்சித் நூடுல்ஸ் வந்திருக்கிறது. வேலை நேரத்தில் பன்சித் சாப்பிட்டால் நோயாளிகள் வரிசை கட்டி வருவார்கள், வார்டு நாறிப்போகும் என்று எங்கள் நர்ஸ்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒரு மனிதர் சாகப் பார்த்தார், பழி நூடுல்ஸ் மேல் விழுந்தது. நூடுல்ஸை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்பதால் அடுத்து ஆர்லின் மேல் விழுந்தது.

பாசிங் அக்கா எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு என்று சொன்னார்கள். அதுவரை ஆர்லினுக்கு நோயாளிகளைத் தொட அனுமதி இல்லை. துணி அறையில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று கேட்டால், அழுதாள். மடித்துக்கொண்டே அழுதாள்.

தலைமை நர்ஸ் கார்மெலா மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். காபி கொடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஒப்படைப்பு முறைப்படி நடந்தது, பாக்கி உண்டா என்று மாலைப் பொறுப்பாளர் கேட்டார், இல்லை என்று ஆர்லின் சொன்னாள், அதை நான் என் காதால் கேட்டேன். கீழே என் பெயர், லுமென் என்று, கையெழுத்துக்கு இடம் விட்டு.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"இதுல எது தப்புன்னு சொல்லு லுமென், மாத்திடறேன்" என்றார் கார்மெலா மேடம்.

"தப்பே இல்ல மேடம். ஆனா பாக்கி இருக்குன்னு அவ சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இதுல இல்லியே."

"அது குழுவுக்குத் தேவையில்லாத விஷயம்."

"அப்ப என் கையெழுத்தும் தேவையில்ல."

பதினைந்து வருஷம் வேலை பார்த்தவள் நீ, கொஞ்சம் யோசி என்றார். ஒரு பெயரைக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும், இல்லையென்றால் மொத்த வார்டும் நாறும் என்றார். எனக்குப் பயமில்லாமல் இல்லை. வீட்டில் கடைக்குட்டி இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. ஆனால் சில நேரம் எனக்குக் கோபம் வந்தால் பயம் அதற்குப் பின்னால்தான் வரும், அதுவும் மெதுவாக. காபியை முழுக்கக் குடித்தேன். நல்ல காபி, வீணாக்குவானேன். தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

வியாழக்கிழமை நான் ஒரு தட்டு நிறைய பன்சித் சமைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வேண்டுமென்றேதான். காலை ஷிப்டில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு பசித்தது, சாப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அன்று பகலுக்குள் மூன்று புது நோயாளிகள் வந்தார்கள். அதற்கும் பன்சித்துக்கும் சம்பந்தமில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

இரண்டு மணிக்கு சலுத் மேடம் வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மேசை மேல் காலித் தட்டு இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எதிரே போய் நிற்கவில்லை.

"எழுந்து வாங்க மேடம், கட்டிலுக்குப் போலாம்" என்றேன்.

"ஒப்படைப்பு இங்கதான்."

"நோயாளிங்க அங்கல்ல இருக்காங்க."

அவர் எழவில்லை. அவரோடு வந்த இரண்டு மாலை நர்ஸ்களும் தரையைப் பார்த்தார்கள். நான் காத்திருக்கவில்லை. நேரே செல்சோ அண்ணன் கட்டிலுக்கு நடந்தேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாசிங் அக்கா விசிறிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அக்கா எந்த நர்ஸிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேசை வரைக்கும் கேட்கட்டும் என்று நான் குரலை உயர்த்தினேன்.

"செல்சோ அண்ணன் விஷயத்துல நான் செய்யாதத முதல்ல சொல்றேன். சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போட்டேன். பாதி சோறுதான் சாப்பிட்டாரு. அதனால திரும்ப சர்க்கரை பாக்கணும், இன்னும் பாக்கல. புண்ணுக்குக் கட்டு மாத்தணும், அதையும் மாத்தல. புதுசா மூணு பேரு வந்துட்டாங்க, எனக்கு ரெண்டு கைதான்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சலுத் மேடம் பின்னால் வந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. மிச்சம் மீதியை ஏற்க மாட்டேன் என்றார். முடித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அதோடு, நோயாளி முன்னால் வைத்து இதையெல்லாம் பேசுகிறேனே, ரகசியம் என்று ஒன்று இல்லையா என்று கேட்டார்.

"அவரோட சர்க்கரை அவருக்கே ரகசியமா மேடம்?" என்றேன். "நீங்க வாங்கிக்கலைன்னா பரவால்ல. வாங்கிக்கற ஆளுகிட்ட ஒப்படைக்கறேன்."

பாசிங் அக்கா பக்கம் திரும்பினேன். விசிறி நின்றிருந்தது. இந்த ஊசி போட்டபின் அண்ணன் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை கீழே போகும் என்று சொன்னேன். அப்போது வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்த்தால் பாஸ்மா மாதிரியே இருக்கும், ஆனால் பாஸ்மா இல்லை. எண்ணெய் தேய்க்கக் கூடாது, கத்திக் கூப்பிட வேண்டும், யார் தூங்கினாலும் எழுப்ப வேண்டும்.

பாசிங் அக்கா கணவன் பக்கம் குனிந்தார். அவருடைய கட்டைவிரல் கணவனின் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"அன்னிக்கு இத யாராவது எங்கிட்ட சொன்னீங்களா?"

துணி அறை வாசலில் ஆர்லின் நின்றிருந்தாள். கை நிறைய தலையணை உறை. நோயாளிகள் பக்கம் வரக் கூடாது என்பது உத்தரவு. வந்தாள்.

"நான்தான் சொல்லணும் அக்கா. சொல்லல. பாக்கி இருக்கான்னு மேடம் கேட்டாங்க, இல்லைன்னேன். ஓடிவந்து பாத்துடலாம்னு நெனச்சேன்."

"ஏன் இல்லைன்ன?"

ஆர்லின் கையிலிருந்த உறைகளைப் பார்த்தாள். சலுத் மேடம் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் பாசிங் அக்கா பார்த்தார். மீன் சந்தையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர் அவர். எதிரே நிற்கிறவர் எதை மறைக்கிறார் என்று செவுளைத் தூக்கிப் பார்க்காமலே தெரியும்.

"நீங்க சொல்லுங்க மேடம். இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

சலுத் மேடம் பொய் சொல்கிறவர் இல்லை. அவரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "முடிச்சிட்டுப் போன்னு நிக்க வச்சிருப்பேன்" என்றார். பிறகு குரல் இறங்கிப்போய், "எங்களையும் அப்படித்தான் நிக்க வச்சாங்க. கால் வீங்கற வரைக்கும் நின்னோம். அப்படித்தான் வேலை கத்துக்கிட்டோம்" என்றார்.

"நீங்க கத்துக்கிட்டது இவரு உயிர வாங்கியிருக்கும்" என்றார் பாசிங் அக்கா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது. அதற்குள் பக்கத்துக் கட்டில்களில் துணைக்கு இருந்தவர்கள் எல்லாம் ரேடியோ நாடகம் கேட்கிற மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன். அங்கேயும் செய்யாததை முதலில் சொன்னேன். மாலை நர்ஸ்களில் ஒருத்தி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள். இரண்டு கட்டில் தாண்டியதும் மற்றவளும் வந்தாள். சலுத் மேடம் செல்சோ அண்ணன் கட்டிலை விட்டு நகரவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. என் கையெழுத்து இல்லாத தாள் மேசை மேல் இருந்தது. என்னையும் ஆர்லினையும் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். நான் ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. பாசிங் அக்கா மீன் வாசனையோடு உள்ளே வந்தார், உட்காரச் சொல்லும் முன்னே உட்கார்ந்தார்.

புகாரில் ஆர்லின் பெயர் இருக்கிறது, அதை உறுதிசெய்கிறீர்களா என்று கார்மெலா மேடம் கேட்டார்.

"பேர அடிச்சிடுங்க" என்றார் அக்கா. "அந்த மேசை மேல புகார் எழுதிக்கோங்க. இவங்க நிக்கறதும் அவங்க உக்கார்றதும் அங்கதான. பொண்ணு பொய் சொன்னா, அதுக்கு நீங்க திட்டிக்கோங்க. ஆனா என் புருஷன எழுப்பினதும் அவதான். அவள வெளிய அனுப்பிட்டு அந்த மேசைய உள்ள வச்சிருந்தீங்கன்னா, நாளைக்கு வேற ஒருத்தியும் இல்லைன்னுதான் சொல்லுவா."

மேசை மேல் எப்படிப் புகார் எழுதுவது என்று குழுவில் ஒருவர் கேட்டார். அது உங்கள் பாடு, படித்தவர்கள் நீங்கள்தானே என்றார் அக்கா.

ஆர்லினுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அது நியாயம்தான், அவளே அப்படித்தான் சொன்னாள். ஒப்பந்தம் பறிபோகவில்லை. எனக்கும் ஒரு கடிதம் வந்தது, மேலதிகாரியை நோயாளிகள் முன்னால் அவமதித்ததற்காக. அதை வாங்கிப் பையில் மடித்து வைத்தேன். மறுபடி அப்படிச் செய்வாயா என்று கார்மெலா மேடம் கேட்டார். தினமும் இரண்டு மணிக்கு என்றேன். சரி, உடம்பு சம்பந்தமான அந்தரங்க விஷயத்தை மட்டும் கட்டிலருகில் கத்தாதே என்றார். அதுவும் நியாயம்தான், ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆர்லின் வார்டுக்குத் திரும்பினாள். செல்சோ அண்ணனுக்கு மறுநாள் வீட்டுக்குப் போகிற நாள். இரண்டு மணிக்கு சலுத் மேடம் வந்தார். மேசைக்குப் போகவில்லை. நேராகக் கட்டிலருகில் வந்து நின்றார். பக்கத்தில் நின்றபோதுதான் கவனித்தேன், என்னைவிடக் குள்ளம். பக்கத்துக் கட்டில்காரர்கள் ஸ்டூலைத் தயாராக இழுத்துக்கொண்டார்கள்.

ஆர்லின் சீட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அவளுக்குப் பாஸ்மா என்று பாசிங் அக்கா முணுமுணுத்தார், யாரோ சிரித்தார்கள்.

"செய்யாதது ரெண்டு மேடம்" என்றாள் ஆர்லின். குரலில் நடுக்கம் இல்லை. "கட்டு மாத்தல. வீட்டுல எப்படி ஊசி போட்டுக்கணும்னு பாசிங் அக்காவுக்குச் சொல்லித் தரணும், பாதிதான் சொல்லியிருக்கேன்."

சலுத் மேடம் வாய் திறந்தார். அந்தப் பழைய வாக்கியம் அவர் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன், என்னிடம் பதிலும் தயாராக இருந்தது, நாக்கு நுனியில். பாசிங் அக்கா விசிறியை மடியில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். செல்சோ அண்ணனும் பார்த்தார். எல்லாக் கட்டிலிலிருந்தும் பார்த்தார்கள்.

மேடம் பேனாவைத் திறந்து இரண்டையும் எழுதினார்.

"நீ கெளம்பு, ஜீப்னி போயிடும்" என்றார் ஆர்லினிடம். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."